32 சென்டிமீட்டர்: கியோத்தோவின் நிஷிஜின் பட்டு நெசவு, ஒரு நிகழ்வு ஆய்வு

கிமோனோவின் இடுப்பில் சுற்றிக் கட்டும் பட்டைக்கு ஒபி என்று பெயர். நீளம் நாலு மீட்டருக்கு மேல் போகும். அகலம் ஏறத்தாழ 32 செ.மீ., அவ்வளவுதான். ஜப்பானின் பழைய தலைநகரான கியோத்தோவில், நிஷிஜின் வட்டாரத்துத் தறிகளில் பெரும்பாலானவை இந்த அகலத்துக்கென்றே கட்டப்பட்டவை. அச்சு (இழையைத் தட்டி இறுக்கும் சட்டம்), விழுது (பாவு இழைகளைத் தூக்கும் கண்ணிகள்), நாடா (குறுக்கிழையைச் சுமந்து ஓடும் ஓடம்), தங்கத்தாள், நெசவாளரின் கை வீச்சு எல்லாமே இந்த 32-க்குள் அடக்கம்.

2010-ல் அங்கே ஒரு நெசவுக் குடும்பம் 150 செ.மீ. அகலத்தில் ஒரு தறியைக் கட்டியது. அதில் நெய்த துணி பாரிஸ் ஆடை நிறுவனம் ஒன்றின் கடைச் சுவர்களுக்குப் போனது. தொழில் மேலாண்மை வகுப்புகளில் இதை வெற்றிக்கதையாகச் சொல்கிறார்கள். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தறி ஒன்றை மட்டும் பார்த்தால் கதை பாதிதான் பிடிபடும். இதே ஊர் அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பும் ஒருமுறை தறியை மாற்றிப் பிழைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

மேற்குப் பாசறை

நிஷி என்றால் மேற்கு, ஜின் என்றால் படை இறங்கிய இடம். 1467-ல் தொடங்கிப் பத்தாண்டு நீடித்த ஓனின் போர் கியோத்தோவைச் சாம்பலாக்கியது. யமானா சோசென் தலைமையிலான மேற்குப் படை முகாமிட்ட பகுதி இது. நெசவாளர்கள் துறைமுக நகரமான சகாய்க்கும் வேறு ஊர்களுக்கும் ஓடிப்போனார்கள். 1477-ல் போர் ஓய்ந்ததும் திரும்பி வந்து, கைவிடப்பட்ட அந்தப் பாசறை நிலத்திலேயே தறி போட்டார்கள். பட்டுக்குப் பேர்போன ஊர் ஒரு படைமுகாமின் பெயரைச் சுமப்பது இப்படித்தான்.

நெசவு அதற்கும் மூத்தது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் கடல்கடந்து வந்து குடியேறிய ஹத்தா குலத்தார் பட்டுப்பூச்சி வளர்ப்பையும் நெசவையும் இந்தச் சமவெளிக்குக் கொண்டுவந்ததாக மரபு. ஹேயான் காலத்தில் (794–1185) அரண்மனைக்கு நெய்து கொடுக்கவே தனி அலுவலகம் இருந்தது. பிற்காலத்தில் இமாதெகவா, ஓமியா தெருக்கள் சந்திக்கும் முனைக்கு ‘ஆயிரம் பொன் முச்சந்தி’ என்ற பொருளில் பெயர் விழுந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் பொன் பெறுமான பட்டு கைமாறும் இடமாம்.

1730-ல் ஊர் மறுபடி எரிந்தது. ஏழாயிரம் தறிகளில் மூவாயிரத்துக்கு மேல் சாம்பல். வேலையிழந்தவர்களில் சிலர் வெளியூர் போனார்கள். நிஷிஜினின் உயரத் தறி நுட்பம் கிரியூ போன்ற ஊர்களுக்குப் பரவி, அங்கெல்லாம் போட்டியாளர்கள் முளைத்தார்கள். ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்த ஊரிடமிருந்து தீ அதைப் பறித்து ஊரூராக விநியோகித்துவிட்டது.

ஓர் இழைத் தங்கம்

நம்மூர் ஜரிகை உருண்டை இழை. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கம் பூசுவார்கள். நிஷிஜினில் அதுபோன்ற இழையும் உண்டு, ஆனால் அவர்கள் பெருமையோடு காட்டுவது வேறொன்றை: ஹிகிபாகு. சொல்லப்போனால் அது காகிதம்.

கையால் செய்த வாஷி தாளின்மேல் அரக்குப் பால் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே தங்க ரேக்கை ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் தாள் வெட்டுபவரிடம் போகிறது. அவர் அதை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் கீற்றுக் கீற்றாக அரிகிறார். ஓரத்தை மட்டும் வெட்டாமல் விடுவதால் கீற்றுகள் வரிசை குலையாமல் சீப்புப் போல நிற்கும். வரிசை ஏன் முக்கியம்? தாளின்மேல் ஏற்கெனவே ஓவியம் இருக்கும். முதல் கீற்று முதல் வரிசையிலும், இரண்டாவது இரண்டாவதிலும் போய் உட்கார்ந்தால்தான் அந்த ஓவியம் துணியில் மறுபடி எழும்பும்.

இந்தக் கீற்றை நாடாவில் சுற்ற முடியாது, மடங்கிவிடும். நெசவாளர் மிதியை மிதித்து, பாவு (நீளவாட்டு) இழைகள் வாய் திறந்ததும், முனையில் கொக்கி வைத்த மெல்லிய குச்சியை உள்ளே விட்டு, மறுபுறம் தொங்கும் சீப்பிலிருந்து ஒரே ஒரு கீற்றைக் கவ்வி இழுத்துப் போடுகிறார். கீற்றுக்கு முதுகும் முகமும் உண்டு. பாதி வழியில் ஒரு முறுக்கு விழுந்தால் தங்கம் கீழே போய்க் காகிதத்தின் முதுகு மேலே தெரியும். வெளியே இழுத்து, நேராக்கி, மறுபடி விடவேண்டும். பிறகு ஒரு பட்டு ஊடை (குறுக்கு இழை), அச்சால் ஒரு தட்டு, அடுத்த கீற்று. நாலு மீட்டரும் இப்படியே.

ட்சுசுரே என்றொரு வகை இருக்கிறது. அதற்கு நெசவாளர் தம் நகங்களை ரம்பப் பல் போல அரத்தால் அராவிக்கொள்கிறார். வண்ண ஊடையை நாடாவால் ஓட்டிய பின் அச்சை நம்பாமல் நகத்தாலேயே வாரி இறுக்குகிறார். சிக்கலான வடிவம் என்றால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில சென்டிமீட்டர்தான் நகரும்.

ஒரு ஒபி முடிய இருபதுக்கு மேற்பட்ட படிகள். ஓவியம் வரைபவர், அதைக் கட்டத்தாளில் புள்ளியாக மாற்றுபவர், அட்டை துளைப்பவர், நூல் முறுக்குபவர், சாயமிடுபவர், பாவு ஓடுபவர், விழுது கட்டுபவர், தாள் வெட்டுபவர், கடைசியாக நெய்பவர். ஒவ்வொரு படிக்கும் தனி வீடு, தனிப் பரம்பரை. ‘ஓரிமோதோ’ எனப்படும் முதலாளி வீடு இவர்களைக் கோத்து வேலை வாங்குகிறது. நூலும் தாளும் சைக்கிளில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போய் வருமளவு எல்லாரும் பக்கத்திலேயே இருந்தார்கள். நிஷிஜினில் தொழிற்சாலை எங்கே என்று தேடினால் ஊரே தொழிற்சாலையாக நிற்கும். இது மனதில் இருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் மாற்றம்: 1872

1869-ல் பேரரசர் தோக்கியோவுக்குப் போய்விட்டார். அரண்மனையும் பிரபுக்களும் போனபின் தங்கப் பட்டு யாருக்கு? ஊர் முடங்கியது. கியோத்தோ மாகாண நிர்வாகம் அப்போது செய்த காரியம் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. மானியம் கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பாமல், 1872-ல் சகுரா ட்சுனேஷிச்சி, இனோவே இஹேய், யோஷிதா சூஷிச்சி என்ற மூவரைக் கப்பலேற்றி பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பியது. அதே ஆண்டில்தான் தொமியோக்காவில் பிரெஞ்சுக்காரர் துணையோடு அரசு பட்டு நூற்பாலை திறந்தது. நூலுக்கு ஒன்று, நெசவுக்கு ஒன்று என்று இரு கைகளையும் ஒரே நாட்டை நோக்கி நீட்டியிருக்கிறார்கள்.

அதுவரை நிஷிஜினில் ஓடியது ‘சொராஹிகி’ தறி. நெசவாளர் கீழே. அவர் தலைக்கு மேலே, தறியின் உச்சியில், இன்னொருவர் ஏறி உட்கார்ந்து பாவு நூல் கட்டுகளைக் கையால் இழுப்பார். எந்தக் கட்டு, எப்போது என்பது மேலே இருப்பவர் கையில். அவர் தூங்கி வழிந்தால் பூவுக்கு ஓர் இதழ் குறையும். லியோனில் அவர்கள் கண்ட ஜக்கார்டு பெட்டி அந்த மேல் ஆளின் வேலையைத் துளையிட்ட அட்டைகளுக்குக் கொடுத்தது. ஊசி அட்டையைத் தொடும். துளை இருந்தால் கொக்கி உயர்ந்து பாவு எழும், துளை இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த அட்டைச் சங்கிலி மேலே சுழல, கீழே பூ மலரும். காஞ்சிபுரத்துத் தறியின் உச்சியிலும் இதே பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது என்பதால் தமிழ் வாசகருக்கு மேலும் விளக்கத் தேவையில்லை.

சகுராவும் இனோவேயும் 1873 முடிவில் கருவிகளோடு திரும்பினார்கள். மேலும் கற்றுக்கொள்ளத் தங்கிவிட்ட யோஷிதா 1874 மார்ச்சில் ஊர் திரும்புகையில், அவர் வந்த ‘நீல்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் இசு தீபகற்பத்தின் முனையில் பாறையில் மோதி மூழ்கியது. கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அவர் உயிரிழந்தார்.

இரும்பில் செய்த அந்நிய இயந்திரத்தை வாங்கிக் குவிக்க நிஷிஜினிடம் பணமில்லை. அராக்கி கொஹேய் என்ற தறித் தச்சர் அதைப் பார்த்துப் படித்து, 1877-ல் மரத்திலேயே ஜப்பானிய ஜக்கார்டைச் செய்து முடித்தார். உள்ளூர் மரம், உள்ளூர் தச்சு, விலை கட்டுப்படியாகும். அதற்குப் பிறகுதான் அது பரவியது. இறக்குமதி செய்த நாளைவிட இந்த 1877-க்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இங்கே ஒரு விநோதம். லியோனிலிருந்து ஜக்கார்டோடு ‘பட்டான்’ என்ற இன்னொரு கருவியும் வந்தது. கயிற்றை இழுத்தால் நாடா தானே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். கைக்குக் கை நாடா வீசினால் இரண்டு கை எட்டும் தூரம்தான் துணியின் அகலம். ஐரோப்பாவில் பட்டான் அந்த எல்லையை உடைத்தது. நிஷிஜினில் அது வேகத்துக்கு மட்டும் பயன்பட்டது. அகலத் துணிக்கான கருவி வந்து இறங்கிய பிறகும், அகலம் 32-லேயே நின்றது. வாங்குபவர் இடுப்பு மாறவில்லையே!

இதற்கு விதிவிலக்கு உண்டு. அதை விட்டுவிட்டு 2010-ஐ மட்டும் கொண்டாடுவது நியாயமில்லை. 1843-ல் தொடங்கிய கவாஷிமா நெசவகத்தின் இரண்டாம் ஜின்பேய், 1886-ல் ஐரோப்பா போய் கோபெலின் சுவர்த்திரைகளைப் பார்த்துவிட்டு வந்து, ட்சுசுரே நுட்பத்தில் பெரிய சுவர்த்திரைகளை நெய்தார். அரங்குகளின் மேடைத்திரை வரை அந்த வழி நீண்டது. அகலம் என்ற யோசனை நிஷிஜினுக்குப் புதிது இல்லை. ஒபித் தொழிலின் நடுவீட்டுக்குள் அது நுழையவில்லை என்பதுதான் உண்மை.

யமாகுச்சி இத்தாரோ என்ற நிஷிஜின் நெசவு முதலாளி, 70 வயதில், ‘கெஞ்சியின் கதை’ என்ற பழைய ஜப்பானிய நாவலின் ஓவியச் சுருள்களைப் பட்டில் நெய்யத் தொடங்கினார். 105 வயதில், 2007-ல் இறந்தார். நாலாவது, கடைசிச் சுருளை அவருடன் இருந்தவர்கள் மறு ஆண்டில் முடித்தார்கள். முடிந்த சுருள்களை அவர் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஜக்கார்டு தந்த நாட்டுக்கு நன்றிக்கடன் என்றார். நூறாண்டுக்கு முந்தைய கடனை நினைவில் வைத்திருக்கும் ஊர் அது.

சரிவு

1940 ஜூலையில் வந்த ஆடம்பரத் தடை தங்க இழைத் துணிகளை நிறுத்தியது. போருக்குப் பின் நிஷிஜின் எழுந்தது. நாடு பணக்காரனாக ஆக, திருமணச் சீர் வரிசையில் கிமோனோ கட்டாயமாக, ஊரெங்கும் ‘கச்சான், கச்சான்’ என்று தறிச்சத்தம். வீட்டின் பின்கட்டில் மண்தரை, மேலே ஓடு தெரியும் உயரக் கூரை, அதில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. இதுதான் அந்த ஊர் நெசவு வீட்டின் அமைப்பு. மண்தரையின் ஈரம் பட்டு இழை அறாமல் காக்கும்.

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கிமோனோச் சந்தை சுமார் 1.8 லட்சம் கோடி யென். முப்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஆறில் ஒன்றாகச் சுருங்கியது. காரணங்கள் நாமும் அறிந்தவையே: அன்றாடம் உடுத்துவது நின்று, கல்யாணத்துக்கும் விழாவுக்கும் மட்டும் என்றானது; அதுவும் வாடகைக்கு எடுத்தால் போதும் என்றானது. இடையில் மொத்த வியாபாரிகள் அடுக்கடுக்காக நின்றதில், கடையில் ஒபி விற்கும் விலைக்கும் நெய்தவர் கைக்கு வரும் கூலிக்கும் தொடர்பே அறுந்தது. நிஷிஜின் பெயரில் விற்பதில் பெரும்பங்கு, வடக்கே ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் தாங்கோ பகுதி வீடுகளில் கூலிக்கு நெய்யப்பட்டது. முதலாளிக்கு நிஷிஜினில் பலகை, தறி தாங்கோவில்.

இரண்டாம் மாற்றம்: 2010

ஹோசோ குடும்பம் 1688-லிருந்து நெசவில் இருக்கிறது. பதினொன்றாம் தலைமுறை மசாவ், உள்நாட்டுச் சந்தை கரைவதைப் பார்த்து வெளிநாட்டுக்கு முயன்றார். பாரிஸின் வீட்டு அலங்காரப் பொருட்காட்சிக்கு நிஷிஜின் பட்டு போர்த்திய சோபாக்களைக் கொண்டுபோனார். பாராட்டு நிறைய, விற்பனை இல்லை. சோபாவுக்கு 32 செ.மீ. துணி என்றால் ஒட்டுப்போட்டுத் தைக்க வேண்டும், எங்கு பார்த்தாலும் தையல் கோடு. வேறு வழியில்லாமல் தலையணை உறை போன்ற சிறு பொருட்களுக்கு இறங்கினார்கள். அகலம்தான் சுவர் என்று அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் ஆர்டர் இல்லாமல் யார் தறி கட்டுவார்?

மகன் மசதாகாவுக்கு முதலில் இதில் ஈடுபாடில்லை. இசைக்குழுவில் இருந்தார், நகை நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2008-ல் வீடு திரும்பினார். அந்த ஆண்டின் இறுதியில் பாரிஸில் நடந்த ஜப்பானிய வடிவமைப்புக் கண்காட்சியில் அவர்களுடைய ஒபிகள் இரண்டு இடம்பெற்றன. கண்காட்சி மறு ஆண்டு நியூயார்க் போனது. அதன்பின் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பீட்டர் மரீனோ, உலகின் பெரிய ஆடை நிறுவனங்களுக்குக் கடை வடிவமைக்கும் நியூயார்க் கட்டடக்கலைஞர். பாரிஸ் ஆடை நிறுவனமான டியோரின் கடைச் சுவர்களுக்குத் துணி வேண்டும் என்றார்.

ஹோசோ குடும்பம் அதுவரை ‘வெளிநாட்டுக்காரன் கேட்பது ஜப்பானியச் சாயல்’ என்று நம்பி, பூவும் கொக்குமாகவே கொண்டுபோய்க் கொண்டிருந்தது. மரீனோ அனுப்பிய வடிவத்தில் கொக்கு இல்லை. இரும்பு உருகி ஓடுவது போன்ற அருவ வடிவம். அவர் கண்ணில் பட்டது பூவல்ல, பூவுக்கு அடியில் தங்கத்தாளும் பட்டும் அடுக்கடுக்காக உட்கார்ந்து மேடும் பள்ளமுமாக ஒளியைத் திருப்பும் விதம். என்ன விற்கிறோம் என்பதை வாங்க வந்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

நிபந்தனை ஒன்று: அகலம். சுவருக்கு 32 உதவாது. சுமார் ஓராண்டு உழைப்பில் 150 செ.மீ. தறி பிறந்தது.

எழுதும்போது ஒரு வரி, செய்யும்போது அப்படியில்லை. அகலம் ஐந்து மடங்கானால் பாவு இழைகளும் அவற்றுக்கான கொக்கிகளும் அதே அளவில் பெருகும். இத்தனை இழைகளும் ஓரத்திலும் நடுவிலும் ஒரே இறுக்கத்தில் நிற்கவேண்டும். நடு கொஞ்சம் தளர்ந்தாலும் துணி வயிறு தள்ளும். தங்கத்தாளோ இன்னும் மோசம். கீற்றின் நீளம்தான் துணியின் அகலம் என்பது மேலே சொன்னதிலிருந்தே புரிந்திருக்கும். 32 செ.மீ. தூரத்தில் முறுக்கு விழாமல் இழுப்பதே ஒரு தவம் என்றால், 150-க்கு என்ன சொல்வது! இயந்திரத்தை விலைக்கு வாங்கி வைத்துத் தீரும் சிக்கல் இல்லை இது. தறி கட்டுபவர், தாள் செய்பவர், நூல்காரர், நெய்பவர் எல்லாரும் அவரவர் பழைய அளவை மறக்கவேண்டும்.

பலன் வந்தது. டியோரின் கடைகள் பல நாடுகளில் அந்தத் துணியைச் சுவரில் ஏற்றின. பிறகு ஓட்டல் அறைகள், நாற்காலிகள், கார் கதவின் உட்பக்கம் வரை அது போனது. 2019-ல் கியோத்தோ நகர மையத்தில் ஹோசோ தனிக் கடையே திறந்தது. கலைக் கல்லூரி முடித்த இளைஞர்கள் நெசவு கற்க வருகிறார்கள்.

என் கணக்கு

இதை ‘மரபும் நவீனமும் கைகோத்தன’ என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் திருப்தியில்லை.

இரண்டு மாற்றங்களிலும் மாறியது தறி. மாறாமல் நின்றது மேலே சைக்கிளில் நூல் கொண்டுபோன அந்த ஊர்: இருபது படி, இருபது வீடு. 1877-ல் அராக்கியால் மர ஜக்கார்டு செய்ய முடிந்ததற்குக் காரணம், பக்கத்துத் தெருவில் அச்சுக்காரரும் விழுதுக்காரரும் இருந்தது. 2010-லும் 150 செ.மீ. தறிக்கு உயிர் கொடுத்தது எஞ்சியிருந்த அதே கைகள்தான். ஹோசோவின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீடு பிழைத்ததை ஊர் பிழைத்ததாக எழுதுவது தவறு. ஒபியை மட்டும் நம்பியிருக்கும் சிறு நெசவகங்களுக்கு நியூயார்க்கிலிருந்து மின்னஞ்சல் வருவதில்லை.

கைகளோ குறைந்துகொண்டே போகின்றன. நெசவாளர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். அதைவிடக் கவலை, நாடா செய்பவர், அச்சு கட்டுபவர், தாள் வெட்டுபவர். நெசவாளர் பத்துப் பேர் ஓய்வு பெற்றாலும் மீதிப் பேர் நெய்வார்கள். தாள் வெட்டுபவர் ஒருவர் கதவைச் சாத்தினால் அவரை நம்பியிருந்த தறிகள் எல்லாம் சேர்ந்து நிற்கும். அரசு 1976-ல் நிஷிஜினை மரபுக் கைவினையாக அறிவித்து, 12 நெசவு வகைகளைப் பட்டியலிட்டது. பட்டியலில் இருப்பதெல்லாம் துணி; தாள் வெட்டும் கத்திக்கு அதில் இடமில்லை. பட்டு நூல்கூட இப்போது உள்ளூர் இல்லை. ஜப்பானில் புழங்கும் பட்டில் உள்நாட்டில் விளைவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1980-களில் துளையட்டைகளுக்குப் பதிலாகக் கணினி வந்தது. வடிவம் பிளாப்பி தட்டில் ஏறியது, அட்டை துளைப்பவரின் வேலை போனது. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். பிளாப்பி தயாரிப்பவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், சோனியும் 2011-ல் ஜப்பானில் விற்பதை நிறுத்திவிட்டது. அந்தத் தட்டைப் படிக்கும் பழைய என்.இ.சி. கணினிகளைப் பழைய சாமான் கடைகளில் தேடி, ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்குப் பொருத்தி ஓட்டுகிறார்கள். 140 ஆண்டுக்கு முந்தைய அட்டைத் தறியில் அட்டை கிழிந்தால் அதை மாற்றினால் போதும், ஓடும். 40 ஆண்டுக்கு முந்தைய கணினித் தறி பழுதானால் அதற்கு உதிரிப்பாகம் இல்லை. சில பட்டறைகளில் இப்போது பிளாப்பி செருகும் வாயை அடைத்துவிட்டு, அதே இடத்தில் யுஎஸ்பி செருகும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள்.